கிருமிக்குக் கிடைக்கும் பிடி



கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் இரும்பு ஆலை ஒன்றில் வேலை செய்துவந்த ஓர் இளைஞர் நமது எலும்பு வார்டில் சேர்க்கப்பட்டார். பல மாதங்களாக அவருக்கு முதுகுவலி. பாரம் தூக்கியதால் வந்ததென்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மாலையில் லேசான காய்ச்சல், உடல் மெலிவு, பின்பு கால் தளர்ந்து நடையும் தடுமாறிற்று. முதுகெலும்பில் காசநோய் என்று டாக்டர்கள் கண்டறிந்தார்கள். செய்தி தெரிந்தவுடன், உடன் தங்கியிருந்தவர்கள் அவருடைய பாயையும் பெட்டியையும் அறைக்கு வெளியே வைத்துவிட்டார்களாம். நான் அவருடைய கட்டிலருகே உட்கார்ந்தபோது, "ஐயா, எனக்கு இருமலே கிடையாது. டிபி நெஞ்சில்தானே வரும்? முதுகுக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

ஆறுதல் சொல்லி எழுந்து வந்துவிடலாம். ஆனால் அவர் கேட்டது ஆறுதலை அல்ல, காரணத்தை. இறையியல் கல்லூரியில் எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் யாருமில்லை. நமது டாக்டர்களிடம் கேட்டும், அவர்கள் தந்த கட்டுரைகளை வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. செல்லின் மேற்பரப்பு பளிங்குபோல வழவழப்பானது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. அதன்மேல் புரதத் தண்டுகள் நிற்கின்றன. சில தண்டுகளிலிருந்து நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள், விரிந்த தென்னம்பாளையைப் போல, வெளியே தொங்குகின்றன. தண்டும் சங்கிலியும் சேர்ந்ததற்குப் புரோட்டியோகிளைக்கான் என்று பெயர். தண்டு செல்லின் தோலை ஊடுருவி உள்ளே வால் நீட்டியிருக்குமானால் அது சின்டிக்கான். நம் உடலில் இதில் நான்கு வகை உண்டு. வால் இல்லாமல் மேற்பரப்பிலேயே நங்கூரமிட்டு நிற்பது கிளைப்பிக்கான். அதில் ஆறு வகை.

அந்தச் சங்கிலிகளில் முக்கியமானது ஹெப்பாரன் சல்பேட். இரத்தம் உறையாமலிருக்க டயாலிசிஸ் பிரிவில் ஏற்றுகிறார்களே, ஹெப்பாரின், அதற்கு இது நெருங்கிய உறவு. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலை ஆராய்ந்ததிலிருந்து ஹெப்பாரினின் கதை தொடங்குகிறது. கிரேக்கில் 'ஹெப்பார்' என்றால் ஈரல். (கிரேக்க வகுப்பில் நான் தூங்கவில்லை என்பதற்கு இது ஒன்றே சாட்சி.)

இந்தச் சங்கிலிகள் வெறும் அலங்காரமல்ல. 'வளரு' என்று செல்லுக்குச் செய்தி கொண்டுவரும் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒரு குடும்பத்தின் செய்தி செல்லின் ஏற்பியில் சரியாகப் பதியவேண்டுமானால், ஹெப்பாரன் சல்பேட் பக்கத்தில் நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும் என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வாங்குபவரும் விற்பவரும் வந்திருந்தும், சாட்சி வராவிட்டால் காரியம் நடக்காது அல்லவா? அதுபோலத்தான். சின்டிக்கானின் வால், செல்லின் உட்கட்டுமானத்தோடு சேர்ந்திருப்பதால், வெளியே எதைப் பற்றியிருக்கிறோம் என்பது உள்ளேயும் தெரிகிறது. ஒட்டிக்கொண்டு நிற்பதா, நகர்வதா, பெருகுவதா என்பதெல்லாம் இதைச் சார்ந்தே அமைகிறது. ஒரு வகைச் சின்டிக்கான் இல்லாமல் பிறக்கச்செய்த எலிகளுக்குப் புண் ஆறத் தாமதமாயிற்று.

இனி நம் இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். சர்க்கரைச் சங்கிலிகள் எதிர்மின்னேற்றம் உடையவை. நேர்மின்னேற்றமுள்ள எதுவும் அதில் எளிதாய் ஒட்டும். காசநோய்க் கிருமியின் மேற்பரப்பில் அப்படி ஒரு புரதம் இருப்பதை பிரான்சின் லீல் நகரத்துப் பாஸ்டர் நிலைய ஆராய்ச்சியாளர்கள் 1996இல் அறிவித்தார்கள். சுருக்கமாக எச்பிஎச்ஏ என்பார்கள். வயல் வரப்பில் நடந்தால் நாயுருவி விதை வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமே, அதே வித்தைதான்.

2001இல் அவர்கள் அந்தப் புரதம் இல்லாத கிருமிகளை உண்டாக்கி எலிகளின் மூக்கு வழியாகச் செலுத்தினார்கள். நுரையீரலில் கிருமிகள் ஓரளவு வழக்கம்போலவே தங்கின. ஆனால் மண்ணீரலுக்குப் போய்ச் சேர்ந்தவை மிகவும் குறைவு. கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் இவற்றையும் வழக்கம்போல விழுங்கின. நுரையீரலின் உள்வரிச் செல்களில்தான் இவற்றால் சரியாக ஒட்ட முடியவில்லை. அதாவது, நெஞ்சைவிட்டு வேறு உறுப்புக்குப் பயணப்பட இந்தப் பிடி கிருமிக்குத் துணைசெய்கிறது. வெள்ளணுக்களுக்குள் ஒளிந்தும் கிருமி பயணிக்கும் என்பதால், இது ஒன்றே வழி என்று சொல்லக்கூடாது.

ஹெப்பாரினைக் கலந்தால் கிருமி ஒட்டுவது குறைகிறது என்பதும் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. உடனே அதையே மருந்தாகக் கொடுக்கலாமே என்று ஒரு சபை மூப்பர் என்னிடம் கேட்டார். கண்ணாடிக் குழாயில் நடப்பது வேறு, மனிதனுக்குள் நடப்பது வேறு.

அதை நம் திருவள்ளூர் மண்ணைவிட நன்றாய் அறிந்த இடம் இல்லை. இன்றைய மாவட்டம் 1997இல் உருவாகுமுன், இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டமாயிருந்த காலத்தில், 1968இல் இங்கேதான் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கிற்று. 3,60,000க்கும் அதிகமானோர் பெயர் பதிவாயின. 2,80,000க்கும் அதிகமானோருக்குத் தடுப்பூசியோ வெற்றூசியோ போடப்பட்டது. பதினைந்து ஆண்டு கண்காணிப்பின் முடிவு 1999இல் வெளிவந்தது: வயதுவந்தோருக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை, பிள்ளைகளுக்குச் சொற்பமே. எத்தனை பெரிய ஏமாற்றம்! ஆனால் உண்மையை மறைக்காமல் வெளியிட்டார்கள், அதை நான் மதிக்கிறேன். பச்சிளங்குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற உடலெங்கும் பரவும் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறது என்பதால், அது இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. அதே 1999இல் இம்மாவட்டத்தில் நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுக்கும் முறை தொடங்கி, சில ஆண்டுகளில் கிராமங்களில் நோயாளிகள் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாயிற்று.

ஆகவே மருந்துதான் இன்று நம் கையிலுள்ள ஆயுதம். ஆலைகளின் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலைக் காக்கும் வெள்ளணுக்களைக் கெடுத்து நோய்க்கு வாசல் திறந்துவிடுவதால், அங்கே மூக்கு மூடி அவசியம். முதுகெலும்பு நோய்க்கு மாத்திரை ஓராண்டாவது தொடரவேண்டும். பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. மாதக்கணக்கில் படுத்தே கிடக்கவும் வேண்டியதில்லை. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் வெளிநோயாளிகளாகவே சிகிச்சை அளித்து இதைக் காட்டியது.

நுரையீரலில் நோய் இல்லாமல் முதுகில் மட்டும் இருந்தால் அது பிறருக்குத் தொற்றுவதில்லை. இளைஞருக்கு நெஞ்சுப் படமும் சளிப் பரிசோதனையும் எடுத்ததில் ஒன்றுமில்லை. இதை அவருடைய அறை நண்பர்களுக்கு நமது சமூக சேவகி நேரில் போய் விளக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் இருவர் வார்டுக்கு வந்தார்கள். பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டதாகவும், பாய் மழையில் நனைந்துபோனதால் புதிதாய் ஒன்று வாங்கியிருப்பதாகவும் சொன்னார்கள்.