கணினி எண்ணும் எழுத்து

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தொடக்கப்பள்ளி மாணவரும் மூன்று எனத் தயங்காமல் விடையளிப்பார். அதே வினாவைப் பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் கேட்டால், ஐந்து என்கிறது. இன்று பெரிதும் வழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் அச்சொல்லைச் சேமித்தாலோ, அது 15 பைட்டு இடத்தைப் பெறுகிறது. இம்மூன்று விடைகளும் சரியானவையே. எதனை எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு தோன்றுகிறது.

கணினி எண்களை மட்டுமே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வழங்க வேண்டியுள்ளது. இதுவே எழுத்துக் குறியாக்கம் எனப்படும். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி முறையில் 128 இடங்களே இருந்தன. அவற்றில் தமிழுக்கு இடமில்லை. பின்னாளில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கியவர்கள், 256 இடங்கள் கொண்ட அட்டவணையில் தத்தம் விருப்பப்படி எழுத்துகளை அமைத்தனர். ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. திஸ்கி, டேப், டேம் போன்றவை இக்குழப்பத்தைக் குறைக்க எழுந்த பொது முறைகளாகும்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும், 247 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி எண்கள் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. நம் இலக்கணப்படி ‘க்’ என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. ஒருங்குறியிலோ ‘க’ முதலில் நிற்க, அதனோடு புள்ளி சேர்ந்தே ‘க்’ உருவாகிறது. இலக்கணம் கற்றவருக்கு இது தலைகீழாகத் தோன்றுவது இயல்பே. எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் ‘தமிழ் அனைத்து எழுத்துரு’ என்னும் முறையையும் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆயினும், உலகெங்கும் நடைமுறையில் நிலைபெற்றது ஒருங்குறியே.

நிரலர்கள் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த செயற்கூறுகளின் தொகுப்பாகிய நிரல் நூலகத்தை எடுத்தாளுகின்றனர். அதன் உள்நிரலைப் படிப்போர் சிலரே; பெரும்பாலோர் அதனுடன் வரும் விளக்க ஆவணத்தையே நம்புகின்றனர். ‘இச்செயற்கூறு எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும்’ என்னும் ஒற்றை வரி, ஆங்கிலச் சொற்களுக்குப் பெரும்பாலும் போதும், தமிழுக்குப் போதாது. ஒரு விண்ணப்பப் படிவம் பெயரை ஐந்து ‘எழுத்து’களோடு நிறுத்துகிறது எனக் கொள்வோம். ‘கண்ணன்’ நான்கெழுத்துப் பெயர். ஆனால் ஒருங்குறியில் அதற்கு ஆறு எண்கள். இறுதிப் புள்ளி வெட்டுப்பட்டு, ‘கண்ணன’ எனப் பதிவாகிவிடும். பிழையான பெயரைச் சுமப்பவர் நிரலர் அல்லர், அப்பெயருக்கு உரியவர். ‘ஓபன்-தமிழ்’ என்னும் கட்டற்ற நூலகம், சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரிக்கும் செயற்கூற்றை வழங்குகிறது. அத்தகைய செயற்கூறு ஒன்று இருப்பதை ஆவணம் சொன்னால்தானே நிரலர் அதனைத் தேடிச் செல்வார்?

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே புலப்படாதது. ‘கொ’ என்பதை, ககரத்தோடு ஒகரக்குறி என்னும் ஒரே எண்ணைச் சேர்த்து எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்களைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. ஒருவகையில் பதிவான ‘கொடி’யை மறுவகையில் தேடினால், ‘இல்லை’ என்றே விடை வரும். இவ்விரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்வது இயல்பாக்கம் எனப்படும். அதனை நூலகமே செய்கிறதா, பயன்படுத்துவோர் செய்துகொள்ள வேண்டுமா என்பதை ஆவணம் கூறாவிடில், பிழை எங்கே நேர்ந்தது என்று கண்டறிவதே அரிதாகிவிடும்.

ஆவணத்தை ஒருமுறை எழுதிவைத்தால் பணி முடிந்துவிடுவதில்லை. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பெறும் என்பது நெடுங்காலம் உண்மையாக இருந்தது. 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பு, முந்திரி, காணி, மா முதலிய பழைய பின்னக் குறியீடுகள் உள்ளிட்டவற்றைப் புதியதொரு தொகுதியில் சேர்த்தது. அவை நான்கு பைட்டு பெறுவன. நிலக்கணக்குச் சுவடிகளைத் தட்டச்சு செய்யும் ஆய்வாளர், பழைய வரியை நம்பி இடம் ஒதுக்கினால் குறியீடுகள் சிதையும். நிரலில் ஒரு பிழையும் இல்லாமலேயே அந்த ஆவணம் பொய்யாகிவிட்டது.

பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. அதன் கோப்புகள் முன்பு திஸ்கி முறையிலும், பின்னர் ஒருங்குறியிலும் வெளிவந்தன. அக்கோப்புகளின் முகப்பில், எந்தக் குறியாக்கம், படிக்க எத்தகைய எழுத்துரு வேண்டும் என்னும் குறிப்புகள் இடம்பெற்றன. குறியாக்கம் இன்னதெனத் தெரிந்த கோப்பை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு சிறு நிரலே போதும். அத்தகைய குறிப்பு ஏதுமின்றித் தனியார் எழுத்துருக்களில் சேமிக்கப்பட்ட கோப்புகளை மீட்பதற்கு, எந்தக் குறி எந்த எழுத்தைச் சுட்டுகிறது என்று ஒவ்வொன்றாக ஊகித்தறிய வேண்டியுள்ளது.