மட்டையும் வில்லையும்

கோல்ப் மட்டையின் தலை நடுமையத்தில் பந்தைத் தொடாவிடில் திருகிக்கொள்ளும். பந்தும் வழி தவறும். 1959-இல் அமெரிக்க இஞ்சினீயர் கார்ஸ்டன் சோல்ஹைம், பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டையில், தலையின் கனத்தை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கி அத்திருகலைக் குறைத்தார். கழைக்கூத்தாடி நீண்ட கழியை ஏந்தி நிலைபெறும் தத்துவமே இது.

காசிமேட்டுத் தெருக்களில் நாம் காண்பது கேரம் பலகையே. அதன் ஸ்ட்ரைக்கரோ வட்ட வில்லை. எடை 15 கிராமுக்கு மிகாது. எப்பக்கம் மோதினும் விசை பெரும்பாலும் மையத்தை நோக்கியே செல்வதால் அது அதிகம் திருகுவதில்லை. எஞ்சியிருப்பது விரலின் நிதானமே. அருகிலுள்ள புது வண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றது அந்நிதானத்தாலன்றோ? நம் இல்லத்துப் பெண்களுக்கும் பலகையருகே ஓரிடம் கொடுப்போமாக!