எட்டரை மணிக்கு மேல் வாருங்கள்

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. திருப்பூர் அருகே அருள்புரத்தில் பல இளைஞர்களின் நாள் இப்படித்தான் ஓடுகிறது. சபாக் கச்சேரியோ மாலை ஆறு, ஆறரைக்கே தொடங்கிவிடும். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே சங்கீதம் பிடிக்கிறது’ என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பிடிக்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. கொங்கு நாட்டில் வள்ளிக் கும்மி பழகும் ஒரு கோயில் திடலில் இரவு ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். செக்கிங் வேலை முடித்து வந்த பெண், துப்பட்டாவில் ஒட்டிய பஞ்சை உதறிவிட்டு, செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுக் கடைசி வரிசையில் சேர்ந்துகொள்கிறாள். வள்ளி தினைப்புனம் காத்த கதையை ஆசிரியர் ஓரடி பாட, வரிசை அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே கால் மாற்றுகிறது. அவள் அடி தவறினால், பக்கத்தில் ஆடும் அக்கா ஆட்டத்தை நிறுத்தாமல் கண்ணாலேயே திருத்துகிறார். சில மாதங்களில் ஊர் கூடி அரங்கேற்றம்.

முன்பு ஆண்கள் ஆடிவந்த கலை இது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவை மாவட்டத்து ஆசிரியர் எம். பத்ரப்பன். 2024இல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

கும்மி வேறு, கச்சேரி வேறுதான். ஆனால் ‘உட்கார்ந்து கேள்’ என்பதற்கு முன் ‘வந்து நீயும் பாடு’ என்று கும்மி கூப்பிடுகிறது. செவ்வியல் இசை அதைக் கற்றுக்கொள்ளலாம். பேராசிரியர் கிரண் சேத் 1977இல் டெல்லி ஐஐடியில் ஸ்பிக் மேகே அமைப்பைத் தொடங்கி, வித்வான்களை மாணவர்கள் இருக்கும் இடத்துக்கே அழைத்துப் போனார். நம் பிள்ளைகள் இருக்கும் இடம் கம்பெனியும் ஹாஸ்டலும்.

பாட்டுக்கும் வெகுதூரம் தேட வேண்டாம். சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு வந்த சுந்தரரை, வேடர் உருவில் வந்த சிவகணங்கள் வழிமறித்து அதைப் பறித்ததாகப் புராணம் சொல்வது, திருப்பூர் அருகே உள்ள நம் திருமுருகன்பூண்டியில்தான். ‘இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர்’ என்று சிவனையே கேட்டுத் தேவாரம் பாடினார் அவர். சனிக்கிழமைச் சம்பளத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருட்டில் நடந்த பையனுக்கு அந்தப் பதிகத்தை விளக்கவே வேண்டாம். ஓதுவார் ஒருவர் கதையைச் சொல்லி, முதல் பாட்டை எல்லோரையும் கூடவே பாடவைத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, சமைத்து முடிக்க மதியமாகிவிடும். வார நாள் என்றால் எட்டரைக்கு மேல் வாருங்கள்; ஞாயிறு என்றால் மாலை ஐந்து மணிக்கு வையுங்கள்.