பி.இ.யா, பிட்டரா?

நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் பொருத்தப்பட்ட இரும்புக் குழாய். அது அசையாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். நின்றபடி தொடங்கி, குனிந்து, மண்டியிட்டு, அடிப்பக்கம் வரும்போது கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்து, இரண்டு குழாய்களும் சேரும் இடத்தை ஒரு சுற்று முழுக்கப் பற்றவைக்க வேண்டும். வெல்டர்கள் இதை ‘சிக்ஸ் ஜி’ என்பார்கள். ஆறிய பிறகு அந்த இணைப்பை எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பதுண்டு. உள்ளே காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் பிலிமில் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். அளவு மீறினால் தேறவில்லை என்று அர்த்தம். அந்த பிலிமுக்குச் சிபாரிசுக் கடிதம் தெரியாது, காலேஜ் பேரும் தெரியாது.

திருச்சியில் இந்தத் தேர்வுக்குத் தனி மரியாதை. 1960-களில் அங்கே வந்த பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை, ஊரையே வெல்டிங் ஊராக மாற்றியது. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் அங்கு தொடங்கப்பட்டது. ஆலைக்கு வேண்டிய பாகங்களைச் செய்துகொடுக்க, துவாக்குடி வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கத் தெரிந்த கைகளுக்கு வளைகுடா நாட்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் கிராக்கி உண்டு.

இன்னொரு காட்சி சென்னையில். 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாடு சட்டப்பேரவைச் செயலகத்தில் பெருக்குபவர், துப்புரவுப் பணியாளர் என்று மொத்தம் 14 இடங்கள் காலி. விண்ணப்பித்தவர்கள் நாலாயிரத்துக்கும் அதிகம். அந்தக் கட்டில் பி.டெக்., எம்.டெக்., எம்.பி.ஏ. முடித்தவர்களின் விண்ணப்பங்களும் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் கோயம்புத்தூர் மாநகராட்சி 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது, சுமார் 7,000 பேர் வந்தார்கள். அவர்களிலும் பொறியியல் பட்டதாரிகள் இருந்தார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “பார்த்தீர்களா, படிப்பை விடக் கைத்தொழில்தான் சோறு போடும்” என்று முடித்துவிடுவது சுலபம். வாட்ஸ்அப்பில் தினமும் முடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் செய்தியைப் பகிர்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் வெறும் கௌரவம் மட்டும் அல்ல. அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது.

அப்பன் தொழில் வேண்டாம்

1953-ல் சென்னை மாநில முதல்வராக இருந்த ராஜாஜி, தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம்; மீதி நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். பள்ளிகள் போதாத காலத்தில், இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்து இரு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வழி என்று அரசு விளக்கம் சொன்னது. எதிர்த்தவர்கள் அதற்குச் சூட்டிய பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வித் திட்டம். சவரத் தொழிலாளியின் மகன் சவரமும், சலவைத் தொழிலாளியின் மகன் சலவையும் கற்றுக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டுமா என்று பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

எழுபது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தத் தழும்பு ஆறவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 பாரம்பரியத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, 18 வயதிலேயே ஒருவர் குடும்பத் தொழிலுக்குள் இழுக்கப்படுவார் என்று தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. பதிலாக 25 கைத்தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றை அறிவித்து, குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்தது. படிக்கிற வயதில் யாரும் தொழிலுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதே அந்த 35-ன் கணக்கு.

ஆகவே பல தமிழ்க் குடும்பங்களுக்கு டிகிரி என்பது சம்பளக் கணக்கில் மட்டும் வருகிற சமாச்சாரம் அல்ல. தாத்தா செய்த வேலையிலிருந்து பேரன் வெளியே வந்துவிட்டான் என்பதற்கான அத்தாட்சி அது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து சேர்வதற்காக நகையை அடகு வைத்தவர்களை வெறும் ‘டிகிரி மோகம்’ என்று கேலி செய்துவிட முடியாது.

அந்தக் கதவை அகலத் திறந்தது 1984. எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2010-களின் நடுவில் அவற்றின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. நுழைவுத் தேர்வு 2007 முதல் நீங்கியது. 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இது சாதாரணச் சாதனை இல்லை. வீட்டில் முதல் பட்டதாரிகளாக லட்சக்கணக்கானோர் உருவானது இப்படித்தான்.

காத்திருக்க முடிந்தவர்கள்

சேர்ந்தது சரி, வேலை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு பலரைத் திடுக்கிட வைத்தது. 2022-ல் இளைஞர்களில் பட்டதாரிகளிடையே வேலையின்மை 29.1 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே அது வெறும் 3.4 சதவீதம்.

இதைப் படித்ததும் படிக்காமலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் கணக்கு வழுக்குகிறது. எழுத்தறியாதவருக்கு வேலையில்லாமல் இருக்க வசதி கிடையாது. கிடைத்த கூலிக்கு மறுநாளே சித்தாள் வேலைக்குப் போய்விடுவார், கணக்கில் அவர் ‘வேலையில் இருப்பவர்’. பட்டதாரி காத்திருக்கிறார். அப்பாவின் சம்பளத்தில் காத்திருக்கிறார், கோச்சிங் சென்டரில் காத்திருக்கிறார். பத்தாம் வகுப்புத் தேறினாலே எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 தேர்வுக்கு 2022-ல் 7,301 இடங்கள் அறிவிக்கப்பட்டன; விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். அந்தக் கூட்டத்தில் பட்டம் பெற்றவர்களும் திரளாக இருந்தார்கள்.

வேலை கிடைத்தவர்கள் கதையிலும் ஒரு சிக்கல். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது புதியவர்களுக்குத் தருகிற தொடக்கச் சம்பளம், ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பத்தாண்டுக்கும் மேலாக நின்றுவிட்டது. இடையில் வீட்டு வாடகையும் ஹாஸ்டல் பீஸும் நின்றுவிடவில்லை.

ஐ.டி.ஐ. கேட்டுக்குள்ளே

இப்போது எதிர்ப்பக்கம். நாட்டில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது 1950-ல். தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் என்றால் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை. பதிலுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் ஐ.டி.ஐ.க்கும் பொருந்தும்.

நெடுநாளாக இந்த நிலையங்களின் நோய், பழைய மெஷின். மாணவன் பழைய லேத்தில் கற்றுக்கொண்டு போவான். ஒரகடத்திலோ ஓசூரிலோ அவன் முன்னால் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின் நிற்கும். 2022-ல் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877.43 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டத்தை மாநில அரசு எடுத்தது அதனால்தான். ரோபோவும் முப்பரிமாண அச்சும் பட்டறைக்குள் வந்தன.

இன்னொரு உண்மையையும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ. வாசலையே மிதித்ததில்லை. ஏதோ ஒரு பட்டறையில் மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, ஐந்தாறு வருடத்தில் ஆளாகி வந்தவர்கள். கை சுத்தம், காகிதம் இல்லை. 2015-ன் தேசியத் திறன் கொள்கை சொன்ன கணக்கில், இந்தியத் தொழிலாளர்களில் முறையான பயிற்சி பெற்றவர்கள் 4.69 சதவீதம்தான், ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96. ஜெர்மனியில் பயிற்சி பெறுகிற இளைஞன் வாரத்தில் சில நாள் ஆலையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பான். ஆலை அவனுக்குச் சம்பளம் தரும். 1969 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. நம்மூர் மேஸ்திரியும் அதே மாதிரி கையைப் பிடித்துத்தான் கற்றுக்கொடுக்கிறார். ஆனால் அவர் கற்றுக்கொடுத்ததற்கு ஆலை கேட்டில் காட்ட ஒரு சான்றிதழ் கிடையாது.

தொழிலுக்கும் உத்தரவாதம் கிடையாது என்பதைத் திருச்சியே காட்டியது. 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியபோது பெல்லுக்கு வந்த வேலை குறைந்தது. அதை நம்பியிருந்த பட்டறைகள் பல ஷட்டரை இறக்கின. சிக்ஸ் ஜி தேறிய கைகள் அப்படியேதான் இருந்தன. பற்றவைக்கக் குழாய் வரவில்லை. ஒரே ஊர், ஒரே வாடிக்கையாளர், ஒரே பொருள் என்று கட்டிய தொழிலுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

உடம்பும் ஒரு கணக்குக் கேட்கும். இரவு முழுக்கக் கண் எரிச்சல், புகை, முதுகுவலி. ஐம்பது வயதில் மண்டியிட்டு வெல்டிங் அடிப்பது சிரமம். அந்த வயதில் சூப்பர்வைசர் நாற்காலிக்கு நகரலாம் என்றால், பல நிறுவனங்களில் அதற்கு டிப்ளமோ கேட்பார்கள். ரயில்வேயில் உதவி லோகோ பைலட்டாக ஐ.டி.ஐ. போதும், ஜூனியர் இன்ஜினீயருக்கு டிப்ளமோ வேண்டும். ஆலைகளில் நிரந்தரப் பணி அருகி, ஒப்பந்தம், அப்ரெண்டிஸ் என்று வருடக் கணக்கில் ஆளைச் சுற்றவிடுகிற வழக்கமும் இருக்கிறது.

சட்டம் ஐ.டி.ஐ. முடித்தவரையும் பட்டதாரியையும் எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. 2019-ல் திருத்தப்பட்ட அப்ரெண்டிஸ் விதிகளில், ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 7,000 ரூபாய். டிப்ளமோவுக்கு 8,000. பட்டதாரிக்கு 9,000. ஆலை வாசலில் முதல் நாள் வித்தியாசம் இரண்டாயிரம் ரூபாய்தான். இருபது வருடம் கழித்து யார் எவ்வளவு மேலே போக முடியும் என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது, அதில் பட்டதாரியின் கை ஓங்கும்.

ஒரு வருடக் கணக்கு

பி.இ.யா, பிட்டரா என்ற கேள்வியை ஒருவழிப் பாதையாகவே வீடுகளில் பேசுகிறார்கள். ஐ.டி.ஐ. போனால் அவ்வளவுதான், வாழ்க்கை அங்கேயே முடிந்தது என்று. விதிகள் அப்படிச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

கூட்டிப் பார்க்கலாம். பத்தாவதுக்குப் பின் ஐ.டி.ஐ. இரண்டு வருடம், பாலிடெக்னிக் இரண்டு வருடம், பி.இ. மூன்று வருடம்: மொத்தம் ஏழு. பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம் என்று நேராகப் போனால் ஆறு. ஒரே ஒரு வருடம்தான் கூடுதல். அந்த வழியில் வந்தவரின் கையில் மூன்று சான்றிதழ்கள். நடுவில் எங்கே பணம் தீர்ந்தாலும், வீட்டில் எது நடந்தாலும், இறங்கி வேலைக்குப் போக ஒரு தொழில். நேர்வழியில் போனவர் மூன்றாம் ஆண்டில் நின்றால் அவருக்கு மிஞ்சுவது பிளஸ் டூ மார்க் ஷீட்.

இந்தச் சண்டையைக் கோயம்புத்தூர் முன்பே பார்த்திருக்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர் ஜி.டி. நாயுடு. ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பார்த்து மெக்கானிக் ஆனவர். 1920-ல் ஒற்றை பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சி - பழனி வழியில் சர்வீஸ் தொடங்கினார். அவர் 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நாட்டில் முதன்முதலாக மின்மோட்டார் செய்தவராக அறியப்படுகிறார். அப்படிப்பட்டவர் 1945-ல் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கத் துணைநின்றார். நான்கு வருடம் தேவையில்லை, பட்டறையில் வைத்துக் கற்றுக்கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்று வாதாடினார். அதிகாரிகள் ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார்.

அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. அங்கே வேலையில் இருக்கும் டிப்ளமோகாரர்களுக்குப் பகுதிநேர பி.இ. உண்டு. பகலில் பம்ப் ஆலையிலோ பவுண்டரியிலோ ஷிப்டு முடித்துவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸைக் கழுவிக்கொண்டு, மாலையில் வந்து பெஞ்சில் உட்காருகிறார்கள். போர்டில் வரைகிற மெஷினை அன்று மத்தியானம்தான் திறந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள்.