புற ஊதா விளக்கும் பெராக்சைடும் மட்டும் போதுமா? தண்ணீரின் பி.எச். அளவையும் கேளுங்கள்

சிறுசேரி, நாவலூர், படூர், கேளம்பாக்கம் எனப் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவும் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரிக்கின்றன. அந்த நீர் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போகிறது. லாரித் தண்ணீருக்குக் காசு கரையும் பகுதியில் இது பெரிய சேமிப்பு. ஆனால் மருந்து எச்சம், சாயம், சில வகை ரசாயனங்கள் ஆகியவை நுண்ணுயிர்களால் எளிதில் மக்குவதில்லை. அவற்றைச் சிதைக்க, தண்ணீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் முறை ஒன்று உண்டு. இதைப் பற்றிப் பேச வரும் நிறுவனத்திடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, எந்த பி.எச். அளவில் இது வேலை செய்யும் என்பதைத்தான்.

எப்படி வேலை செய்கிறது?

நம் வீட்டுக் குடிநீர்க் கருவியில் உள்ள புற ஊதா விளக்கு கிருமிகளைக் கொல்லும். ரசாயனங்களை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. பெராக்சைடு சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பட்டதும் ஒரு பெராக்சைடு மூலக்கூறு இரண்டாக உடைந்து, ஹைட்ராக்சில் ரேடிகல் எனும் இரு துகள்களாகிறது. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவாகவே வாழும் இது, எதிரில் படும் கரிமப் பொருள் எதையும் தாக்கும். இதன் பலமும் பலவீனமும் அதுதான். மாசு எது, மற்றது எது என்று அதற்குத் தெரியாது.

காரம் கூடினால் என்ன ஆகும்?

பி.எச். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தண்ணீரில் காரம் கூடக்கூட மூன்று இழப்புகள் வருகின்றன.

முதலாவது, பெராக்சைடே உருமாறுகிறது. பி.எச். 11.6-ஐ நெருங்கும்போது அதில் ஏறக்குறைய பாதி எதிர்மின் அயனியாகிவிடும். இந்த அயனி ஒளியை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் உருவான ரேடிகலைச் சாதாரண பெராக்சைடைவிட 200 மடங்குக்கும் மேலான வேகத்தில் அதுவே விழுங்கிவிடுகிறது. கார நீரில் பெராக்சைடு தானாகவும் விரைவில் சிதைந்து வீணாகும்.

இரண்டாவது, கார்பனேட். நம் பகுதி நிலத்தடி நீரில் பைகார்பனேட் சாதாரணமாக இருப்பதுதான். பி.எச். 8 அளவில் அது பைகார்பனேட்டாகவே இருக்கும். 10-ஐத் தாண்டினால் கார்பனேட்டாக மாறத் தொடங்கும். பைகார்பனேட்டைவிடக் கார்பனேட் சுமார் 45 மடங்கு வேகமாக ரேடிகலைப் பறிக்கும். பி.எச். அளவை 4-க்கு அருகில் இறக்கினால் இவை கரியமில வாயுவாகி வெளியேறிவிடும்.

மூன்றாவது, கடின நீரில் காரம் கூடும்போது விளக்கின் கண்ணாடி உறை மீது சுண்ணாம்புப் படிவம் ஏறும். ஒளி தண்ணீருக்குள் போகாது. மின்கட்டணம் மட்டும் ஓடும்.

அப்படியானால் அமிலத்தை ஊற்றினால் போதுமா?

போதாது. கடலோரத்தை ஒட்டிய நிலத்தடி நீரில் பல இடங்களில் குளோரைடு உப்பு அதிகம். மிகுந்த அமில நிலையில் இந்தக் குளோரைடும் ரேடிகலைப் பறிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். அளவைக் குறைத்தால் குளோரைடு இன்னும் கூடும். அதனால்தான் பல இடங்களில் சல்பூரிக் அமிலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடைசியில் காரம் சேர்த்து மீண்டும் நடுநிலைக்குக் கொண்டு வரவேண்டும். அப்போது தண்ணீரில் கரைந்த உப்பு மேலும் கூடுகிறது. அதே நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் மண்ணுக்குக் கேடு.

மாசும் ஒரே மாதிரி நடப்பதில்லை. பி.எச். மாறும்போது சில பொருட்களின் மின்னூட்டம் மாறி, ரேடிகல் தாக்கும் வேகமும் மாறுகிறது. ஆகவே எல்லாத் தண்ணீருக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. பொதுவாக நடுநிலையோ, லேசான அமில நிலையோ உகந்தது. அந்தந்த நீரைப் பரிசோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தோல் தொழிலில் கூடுதல் கவனம்

தாம்பரத்துக்கு அருகிலுள்ள குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரைத் தந்தது அங்கு இயங்கிய குரோம் லெதர் கம்பெனி. பல்லாவரம் முதல் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை தோல் தொழிலில் நம் சமுதாய மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாலாற்றுப் பகுதியில் தோல் கழிவுநீர் செய்த பாதிப்பு குறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும் அவர்கள் மறந்திருக்க முடியாது.

இங்கே பி.எச். தவறினால் செலவு கூடுவதோடு முடியாது. ஆபத்தும் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அது கார நீரில் பெராக்சைடைச் சந்தித்தால், புற்றுநோயை உண்டாக்கும் அறுவிணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அமில நிலையில் அதே பெராக்சைடு எதிர்த்திசையில், அதாவது ஆறை மூன்றாக மாற்றும் வகையில், வேலை செய்கிறது. எனவே குரோமியத்தை முதலில் வீழ்படிவாக்கிப் பிரித்தெடுத்த பிறகே இந்த முறையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

குடியிருப்போர் சங்கமோ, தொழிற்கூடமோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது:

- நம் தண்ணீரின் பி.எச்., காரத்தன்மை, குளோரைடு அளவுகள் என்ன?
- எந்த பி.எச். அளவில் சோதித்துப் பார்த்தார்கள்? சோதித்தது நம் தண்ணீரையா, வேறு தண்ணீரையா?
- அமிலமும் காரமும் மாதம் எவ்வளவு தேவை? வெளிவரும் நீரில் உப்பு எவ்வளவு கூடும்?
- விளக்கின் உறையை எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

பி.எச். பார்க்கும் சிறிய மீட்டர் அதிக விலையுள்ளது அல்ல. வாரம் ஒருமுறை அதைத் தண்ணீரில் வைத்து அளவைக் குறித்து வைத்தாலே, நாம் கொடுக்கும் பணம் மாசை உடைக்கப் பயன்படுகிறதா, வீணாகிறதா என்பது தெரிய ஆரம்பிக்கும்.