வாயில்லாப் பானையில் ஒரு கல்யாணம்

பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே ஸ்டூடியோ வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராபர் ஒருவர் கேள்வி அனுப்பியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் திருத்தணியில் ஒரு முகூர்த்தம். மண்டபத்திலேயே மெமரி கார்டைக் கையடக்கப் பெட்டி ஒன்றில் செருகிக் காப்பி எடுத்தார். பெட்டியின் சின்னத் திரையில் படங்கள் பளிச்சென்று தெரிந்தன. கார்டை ஃபார்மட் செய்துகொண்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆல்பம் போட்டுக் கொடுத்ததும் பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது. இப்போது பெண் வீட்டார் ஆல்பத்தில் இல்லாத சில படங்களைக் கேட்க, பெட்டியை வெளியே எடுத்தார். திரையில் அதே பளிச். கணினியில் போட்டால் சில படங்கள் காப்பி ஆகும்போதே திணறி நின்றன. பதினோரு படங்களில் மாப்பிள்ளையின் மார்பு வரை சரி, அதற்குக் கீழே சாம்பலும் ஊதாவும். “பெட்டி ஒரு தடவைகூடக் கீழே விழவில்லை சார். பிறகு எப்படி?” என்கிறார்.

விழுந்தால்தான் கெடும் என்று அவரை நம்பவைத்தது விளம்பரம். இந்த வகைப் பெட்டிகளை விற்பவர்கள் அதை மாடியிலிருந்து போடுவார்கள், தண்ணீரில் அமுக்குவார்கள், மேலே ஜீப்பை ஏற்றுவார்கள். திருத்தணி மண்டபத்தில் யாரும் ஜீப் ஏற்றப்போவதில்லை. அது பழைய பயத்துக்குச் சொல்லும் பதில். புதுப் பயம் சத்தமே இல்லாதது, அதை விளம்பரமாக எடுக்க முடியாது.

பழைய பயம் என்னவென்றால் சுழலும் தட்டு. 2004-இல் எப்சன் பி-2000 வந்தபோது வெளியூர் போகும் போட்டோகிராபர்கள் அதை ஆசையோடு பார்த்தார்கள்: 40 ஜிபி, 3.8 அங்குலத் திரை, கார்டைச் செருகினால் போதும், லேப்டாப் வேண்டாம். உள்ளே ஹார்டு டிஸ்க். தட்டுக்கு மேல் நானோமீட்டர் கணக்கான உயரத்தில், காற்று மெத்தையில், படிக்கும் தலை மிதக்கும், தட்டினால் உரசும். காற்று மெல்லியதானாலும் ஆபத்துதான். பல டிஸ்குகளுக்கு 3,000 மீட்டர்தான் எல்லை, லே நகரமோ 3,500 மீட்டர். இந்தத் தொல்லையெல்லாம் ஃபிளாஷ் சிப் வந்ததும் தீர்ந்தது. வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் ஸீயும் அடிப்படை அமைப்பைச் சொன்னார்கள், 1984-இல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா அதை ஃபிளாஷ் நினைவகமாக்கினார். ஒரே நொடியில் அழிவது கேமராவின் ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று உடன் வேலை செய்தவர் வைத்த பெயர் அது. கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா, எலி ஹராரி, ஜாக் யுவான் மூவரும் 1988-இல் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் சான்டிஸ்க். வரலாறு போதும்.

முதலில் அந்தப் பளிச். கேமராவின் ரா ஃபைலுக்குள், சென்சார் கண்ட கச்சாக் கணக்கோடு, பார்வைக்கென்று ஒரு ஜேபெக் படமும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சின்னத் திரைப் பெட்டிகள் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக் காட்டும். ரா ஃபைல் 30 எம்பி என்றால் இந்தக் குட்டிப் படம் ஒன்றோ இரண்டோ எம்பி. ஃபைலில் எங்கோ ஓர் இடம் கெட்டால், அந்த இடம் குட்டிப் படத்துக்குள் விழ வாய்ப்பு குறைவு. போதாக்குறைக்கு, கச்சாக் கணக்கு சுருக்கி எழுதப்பட்டது. முந்தைய புள்ளியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்றே அடுத்த புள்ளி எழுதப்படுவதால், ஓரிடத்தில் பிசகினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிசகும். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் தறியை ஓடவிட்ட கதை. ஆகவே திரையில் படம் தெரிந்தது என்பதற்கு, படம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பத்திரிகை அட்டையைப் பார்த்து உள்ளே எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று சொல்வது போலத்தான்.

சரி, ஓரிடம் ஏன் கெட்டது? இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதே இதைச் சொல்லத்தான்.

ஃபிளாஷ் சிப்பில் ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு தீவு இருக்கிறது. நான்கு பக்கமும் மேலும் கீழும் மின்சாரம் புகாத ஆக்சைடு சுவர். கம்பி இணைப்பு கிடையாது, வழி கிடையாது, வாசல் கிடையாது. வாயே இல்லாமல் வனைந்த மண்பானை என்று வையுங்கள். இதற்குள் எலக்ட்ரான் என்ற தண்ணீர் இருந்தால் ஒரு எண், இல்லாவிட்டால் இன்னொரு எண். கல்யாணம் முழுவதும் இப்படிக் கோடானுகோடிப் பானைகளில்தான் இருக்கிறது.

வாயில்லாப் பானையில் தண்ணீர் எப்படிப் போகும்? சுவர் வழியாகத்தான். சுவரின் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர், தலைமுடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெளியிலிருந்து 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால், சுவருக்குள் மின்புலம் சென்டிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற கணக்கில் ஏறும். அப்போது எலக்ட்ரான் சுவரை உடைக்காமல், ஏறிக் குதிக்காமல், இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் இருக்கும். குவாண்டம் ஊடுருவல் என்று பெயர். 1928-இலேயே ஃபவுலரும் நார்டுஹைமும் கணக்குப் போட்டுவிட்ட சங்கதி. பாடப்புத்தகத்தில் ‘நுண்ணுலக விசித்திரம்’ என்று தனிப்பெட்டி கட்டிப் போடுவார்களே, அது கல்யாண மண்டபத்தில் பந்திக்கும் பந்திக்கும் நடுவே பல்லாயிரம் கோடித் தடவை நடக்கிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் எலக்ட்ரான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

படிப்பது இதைவிட அழகு. பானையைத் திறக்க முடியாது. சந்தையில் செய்வதுபோல் தட்டிப் பார்க்கிறார்கள். பானைக்குக் கீழே ஒரு மின்னோட்டப் பாதை. உள்ளே எலக்ட்ரான் நிறைந்திருந்தால் பாதை திறக்க அதிக வோல்ட் கேட்கும், குறைந்திருந்தால் கொஞ்சத்திலேயே திறக்கும். திறக்காமலே நீர்மட்டம் தெரிந்துவிடுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதி. நிறைந்தது, காலி என்று இரண்டே மட்டம் வைத்திருந்த சிப், விலை மலிய வேண்டும் என்பதற்காக நான்கு மட்டம், எட்டு மட்டம் என்று போய், இன்று மலிவான பெட்டிகளில் ஒரே பானையில் 16 மட்டம். பானை வேலை முடிந்தது, இனி ஜலதரங்கம். ஒவ்வொரு கிண்ணத்திலும் நீர் அளவை வைத்து ஸ்வரம். நம் சங்கீதத்தில் 12 ஸ்வர ஸ்தானங்களுக்கு 16 பெயர்கள் உண்டு, இடம் பங்கிட்டுக்கொண்டு சமாளிக்கும். இங்கே சலுகை இல்லை. 16 பெயருக்கும் 16 தனித்தனி நீர்மட்டம்.

கிண்ணத்தில் நீர் வற்றினால் சுருதி ஏறும். காந்தாரம் மெல்ல மத்யமம் ஆகும். (சிப்பில் ஏறுவதற்குப் பதில் வோல்ட் இறங்கும், உவமையை இதற்கு மேல் நெருக்காதீர்கள்.) ஆனால் சபையில் ஒரு ரசிகர் உட்கார்ந்திருக்கிறார்: பிழை திருத்தும் கணக்கு. எழுதும்போதே கூடுதலாகச் சில இலக்கங்கள் எழுதி வைப்பதால், வாசிப்பது மோகனம் என்று அவருக்குத் தெரியும். மோகனத்தில் மத்யமம் கிடையாது. ஆகவே காதில் ‘ம’ விழுந்தாலும் ‘க’ என்றே குறித்துக்கொள்வார். இப்படி அவர் சரிக்கட்டுவது நமக்குத் தெரியாமலே ஒவ்வொரு நாளும் நடக்கிறது. ஒரே சங்கதியில் ஏகப்பட்ட ஸ்வரம் நழுவினால்தான் கையை விரிப்பார். மாப்பிள்ளையின் மார்புக்குக் கீழே நடந்தது அது.

பெட்டி மின்சாரத்தோடு இருக்கும்போது, நல்ல கட்டுப்பாட்டுச் சிப் என்றால், வற்றிய கிண்ணங்களைக் கண்டு புதுக் கிண்ணத்தில் மறுபடி நிரப்பும். பீரோவுக்குள் அந்தச் சிப் என்ற வித்வான் தூங்குகிறார். வற்றுவது மட்டும் தூங்குவதில்லை. சூடு ஏற ஏற ஒழுகல் மடங்கு மடங்காக ஏறும். திருத்தணிப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. நம் நண்பரின் பீரோவோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரை ஒட்டி.

இதைப் படித்துவிட்டு யாரும் பீரோவுக்கு ஓட வேண்டாம். 2015-இல், மின்சாரம் இல்லாவிட்டால் சில நாளில் எல்லாம் அழிந்துவிடும் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. தரநிலை அமைப்பான ஜெடெக்கின் அட்டவணையில், ஆயுள் முழுக்கத் தேய்ந்துபோன சிப்பைக் கடும் சூட்டில் வைக்கும் கோடிக் கட்டத்தைப் பிடித்துக்கொண்ட அரைகுறை வாசிப்பு அது. அதே தரநிலை சாதாரணப் பயனருக்குச் சொல்வது: தேய்ந்து முடிந்த பிறகும், மின்சாரமின்றி 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும். புதுச் சிப் அதைவிடப் பல மடங்கு தாங்கும். எதிர்த்திசை ஆரவாரமும் உண்டு. 2012-இல் தைவானின் மாக்ரோனிக்ஸ், சுவரை நொடிப்பொழுது 800 டிகிரிக்குச் சுட்டுப் பழுதைக் குணமாக்கி, 10 கோடித் தடவை எழுதலாம் என்று அறிவித்தது. அந்தக் கார்டை நான் இன்னும் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

நம் நண்பரின் பெட்டியும் தேய்ந்திருக்க நியாயமில்லை. வருடத்துக்கு அறுபது கல்யாணம், ஒவ்வொன்றும் 200 ஜிபி என்று தாராளமாக வைத்தாலும், ஒரு டிபி பெட்டி வருடத்துக்குப் பன்னிரண்டு முறைதான் நிரம்பும். பதினாறு மட்டச் சிப்பே பல நூறு முறை தாங்க வேண்டியது. பிறகு விசாரித்தால், உள்ளிருந்த சிப்பை அவரே தள்ளுபடி விலையில், பெயர் கேள்விப்படாத கம்பெனியுடையதாக மாற்றியிருக்கிறார். தரம் குறைந்த பானை, கோடைச் சூடு, தூங்கும் வித்வான். என் சந்தேகம் இந்த மூன்றின் மேல்.

இனி என்ன செய்வது? பெட்டி வண்டி மாதிரி, குதிர் அல்ல. மண்டபத்திலிருந்து வீடு வரை ஏற்றிக்கொண்டு வரட்டும். வந்த அன்றே இன்னொரு இடத்தில் இறக்கி, ரா ஃபைலை முழு அளவில் திறந்து பார்க்கும் வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. பெட்டியிலேயே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சில மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப எழுதினால், கிண்ணங்கள் புதிதாக நிரம்பும்.

போன பதினோரு படங்களுக்கு ஒரு சின்ன வழி இருந்தது. எல்லாக் கிண்ணமும் ஒரே திசையில்தான் வற்றியிருக்கின்றன. ஆகவே ரசிகர் தன் சுருதியையே கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டு மறுபடி கேட்டால், குழம்பியது தெளியக்கூடும். ஒரு முறை படித்துத் தோற்றால் கட்டுப்பாட்டுச் சிப்புகள் வோல்ட்டை மாற்றி மாற்றித் திரும்பப் படிப்பது இதனால்தான். அவசரப்பட்டுப் பெட்டியைப் பிடுங்காமல், குளிர்ந்த அறையில் வைத்து, ஒவ்வொரு ஃபைலாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்று எழுதினேன்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பதினொன்றில் நான்கு முழுதாகத் திரும்பியிருக்கின்றன. மூன்று பந்திப் படம், ஒன்று நாதஸ்வரக்காரர் வெற்றிலை போடும் படம். பெண் வீட்டார் கேட்டது எதுவும் அந்த நான்கில் இல்லை.