மேட்டுக்கு ஏறும் தண்ணீர், கணக்கில் ஏறாத கரன்ட்

மேட்டூர் அணையின் 120 அடி தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அணை நிரம்பி நிற்கும் அந்த மட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடி என்பது பொறியாளர்கள் மட்டுமே வைத்துக்கொள்ளும் எண். ஓசூர்க்காரர்களுக்கும் அது வேண்டும். மேட்டூர் நிறைந்தால் தேங்கும் தண்ணீர் ஒகேனக்கல் பக்கம் வரை எட்டும். அந்த ஒகேனக்கல்லில் எடுக்கும் காவிரிதான் குழாய் வழியே ஓசூருக்கு வருகிறது. ஓசூரோ ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. இடையிலுள்ள இரண்டாயிரம் அடியையும் மின்சாரம்தான் தூக்கிக் கடக்கிறது.

அரசு அலுவலகங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பற்றிய சுற்றறிக்கைகள் நமக்குப் புதிதல்ல. டிசம்பர் 14 வந்தால் எரிசக்தி சேமிப்பு நாள் உறுதிமொழி எடுப்பார்கள். குழல்விளக்கு போய் எல்.இ.டி. வந்தது. 2012-ல் மாநிலத்தின் முதல் சூரிய மின்சக்திக் கொள்கை வந்தபோதே அரசுக் கட்டடங்களின் மொட்டைமாடிகள் குறிவைக்கப்பட்டன. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை, 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கமும் இருக்கிறது. எதையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இவை எல்லாம் கண்ணில் படுகிற காரியங்கள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அரசும் உள்ளாட்சிகளும் செலவழிக்கும் மின்சாரத்தின் கனமான பகுதி ஆட்சியர் அலுவலகத்து ஏ.சி.யில் இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத பம்பு அறைகளில் இருக்கிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்குக் காரணம் ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது அளவுக்கு மேல் இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. தாண்டிய ஊர்களில் பிள்ளைகளின் பல் கறையேறியது, பெரியவர்களின் எலும்பு வளைந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, கர்நாடகத்தின் எதிர்ப்பைக் கடந்து, ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் கட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். இந்தத் தண்ணீர் வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. அதை மேலே கொண்டுவர என்ன செலவாகிறது என்பதுதான் கேட்க வேண்டியது.

எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 600 மீட்டர் உயர்த்த, பம்பிலும் குழாயிலும் துளி இழப்பும் இல்லை என்றால் கூட, 1.6 யூனிட் மின்சாரம் வேண்டும். இழப்பில்லாத பம்பு உலகத்தில் கிடையாது. மோட்டாரும் பம்பும் சேர்ந்து எழுபது சதவீதத் திறனில் ஓடினால் 2.3 யூனிட். குழாயின் உராய்வு இதற்கு மேல். கிராமக் குடிநீருக்கான அளவான ஆளுக்கு 55 லிட்டரையே வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் உள்ள ஓசூர் வீட்டுக்கு மாதம் 15 யூனிட் தண்ணீரோடு கூடவே வந்து இறங்குகிறது. அந்த வீட்டில் 75 வாட் மின்விசிறி நாளுக்கு ஆறேழு மணி நேரம் ஓடுவதற்குச் சமம். அந்த வீட்டின் கரன்ட் பில்லில் இது வராது. பில் அரசுக்குப் போகிறது.

இப்போது கசிவைப் பாருங்கள். நகரக் குடிநீர் விநியோகத்தில் கணக்கில் வராமல் போகும் தண்ணீர் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுக் கையேடு. இந்திய நகரங்கள் பலவற்றில் அது இரண்டு மடங்குக்கும் மேல். ஒகேனக்கல் கரையில் ஒரு குழாய் கசிந்தால் தண்ணீர் போகிறது. ஓசூர் பாகலூர் சாலையில் கசிந்தால் 600 மீட்டர் ஏறிய மின்சாரமும் சேர்ந்து சாக்கடைக்குப் போகிறது. ஆகவே இந்த மாவட்டத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் முதல் ஆள் சோலார் பேனல் மாட்டுபவர் அல்ல, குழாய் உடைப்பைச் சரிசெய்கிற பிட்டர். அவருக்கு விருது கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கிராமத்துக்கு இறங்கினால் இன்னொரு முடிச்சு. தமிழக ஊராட்சிகளில் இரண்டாம் கணக்கு என்று ஒன்று உண்டு. கரன்ட் பில்லுக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்டுவதற்கென்றே தனியாக வைக்கப்பட்டது. கரன்ட் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டு மின்வாரியத்துக்கு நிலுவை வைக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. அதன் மறுபக்கம், மிச்சம் பிடித்தவருக்கு எதுவும் மிச்சமாகாது. ஊராட்சித் தலைவர் பழைய மோட்டாரை மாற்றி மாதம் சில ஆயிரம் ரூபாய் குறைத்தாலும், அதை வைத்து தெருவுக்கு ஒரு வேலை செய்தேன் என்று காட்ட வழி குறைவு. மோட்டார் எரிந்தால் உடனே காயில் கட்டி மாட்டிவிடுகிறார்கள். நாலைந்து முறை கட்டிய மோட்டார் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். ஊர் ஜனத்துக்குத் தண்ணீர் வந்தால் போதும். டேங்க் ஆபரேட்டருக்குத் தொட்டி நிரம்பினால் போதும். மீட்டரின் எண்ணை நீரின் அளவோடு சேர்த்து வைத்து, ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேட்கும் நாற்காலி ஒன்று எங்கும் இல்லை.

அப்படிக் கேட்பது இந்த ஊருக்கு அந்நியமான பழக்கமா? சிப்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். எழுபதுகளில் தொடங்கிய தொழிற்பேட்டை அது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எல்லாம் வளர்ந்த இடம். 2002-ல் டெமிங் பரிசு வாங்கிய டி.வி.எஸ். மோட்டாரின் தாய்வீடு ஓசூர்தான். நல்ல தொழிற்சாலையில் கம்ப்ரசர் காற்று எங்கே கசிகிறது என்று விடுமுறை நாளில் இரைச்சல் அடங்கியபின் காதைத் தீட்டிக்கொண்டு தேடுவார்கள். ஒரு வண்டிக்கு எத்தனை யூனிட் என்பது ஷாப் புளோரிலேயே எழுதித் தொங்கும். அந்த வேலையில் முடி நரைத்து ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்கள் ஓசூரின் குடியிருப்புகளில் நிறையப் பேர். மாநகராட்சி அவர்களில் சிலரை அழைத்துப் பம்பு அறைகளைச் சுற்றிக் காட்டினால், ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகையில் பாதி மிச்சம்.

அரசு மிச்சம் பிடிக்கக்கூடிய இன்னொரு இடம் பேருந்து. அதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஓலா போச்சம்பள்ளிப் பக்கத்தில், ஏத்தர் ஓசூரில் என மின்வண்டிகள் பிறக்கும் மாவட்டம் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரு மாநகரப் போக்குவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்பேருந்துகள் ஓடுகின்றன. சென்னையில் 2025 ஜூன் இறுதியில் 120 பேருந்துகளோடு நாமும் தொடங்கினோம். அடுத்தது எங்கே என்று முடிவெடுப்பவர்கள் ஓசூர்-கிருஷ்ணகிரி சாலையை ஒருமுறை பார்க்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டரில் முந்நூறு மீட்டருக்கு மேல் இறக்கம். டீசல் பேருந்து அந்த இறக்கத்தைப் பிரேக் லைனிங்கில் தேய்த்துத் தீர்க்கிறது. மின்பேருந்து அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும்.

இறக்கம் என்றதும் நினைவுக்கு வருவது தென்பெண்ணை. நந்திமலையில் பிறந்து பெங்களூரின் கிழக்கோரத்தைத் தொட்டு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் வாங்கிக்கொண்டு, ஒரு யூனிட் மின்சாரமும் செலவில்லாமல் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள கெலவரப்பள்ளி அணைக்கு வந்து நுரை பொங்குகிறது. இரண்டாயிரம் அடி கீழிருந்து நல்ல தண்ணீரை விலைகொடுத்து ஏற்றுகிறோம். அழுக்குத் தண்ணீர் தானாக வாசலுக்கு வருகிறது. கர்நாடகத்தைத் திட்டுவது எளிது, நியாயமும்கூட. ஆனால் அதே பெங்களூரு தன் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறது. நம் சென்னையில் 2019-ல் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைத் தரத்துக்கு வடிகட்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அனுப்பத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கு சென்னையைவிட ஓசூருக்கே நன்றாகப் பொருந்தும். கழிவுநீரைச் சவ்வில் அழுத்தி வடிகட்டவும் மின்சாரம் ஆகும்தான். ஆனால் அறுநூறு மீட்டர் ஏற்றத்தோடு ஒப்பிட்டால் அது குறைவாகவே இருக்கும். தொழிற்சாலைகளும் பூங்காக்களும் அந்தத் தண்ணீருக்கு மாறினால் காவிரியைக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2024 ஜூனில் அறிவித்த ஓசூர் விமான நிலையம் வந்தால் தண்ணீர்த் தேவை இன்னும் ஏறும். ஒகேனக்கல் இரண்டாம் கட்டத்தையும் அரசு அறிவித்திருக்கிறது. சரிசெய்ய வேண்டிய நேரம் குழாய் புதைத்த பிறகு அல்ல, டெண்டர் எழுதும்போது. 100 கிலோவாட் பம்பு ஒன்று நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 7,30,000 யூனிட். எழுபத்தைந்து சதவீதத் திறனுக்குப் பதில் எழுபது சதவீதப் பம்பை வாங்கினால் கூடுதலாக 50,000 யூனிட்டுக்கு மேல் போகும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 4 லட்சம். குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்ற பழக்கத்தில் வாங்கும்போது மிச்சமான தொகை ஓரிரு ஆண்டுகளில் கரைந்து, அதன்பின் பதினைந்து வருடம் நஷ்டம் ஓடும். இதைத் தடுக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. இயந்திரம் வாங்கும்போது இயக்கச் செலவையும் பராமரிப்புச் செலவையும் விலையோடு சேர்த்து ஒப்பிட நம் ஒப்பந்தப்புள்ளி விதிகளிலேயே இடம் இருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் அதை முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதோடு ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும் தண்ணீர் மீட்டரும் மின்மீட்டரும் அருகருகே இருக்க வேண்டும், இரண்டின் மாதக் கணக்கும் ஒரே தாளில் மாநகராட்சிக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தால், கவுன்சிலர்கள் கேட்க வேண்டியதைத் தாங்களே கேட்டுக்கொள்வார்கள்.